பதிவேட்டிற் சேராத எமது உதைபந்தாட்டக் கழகம்

மலர்க் குழுவினர் எம்மை அணுகிக் கட்டுரை ஒன்று வேண்டியபோது, ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் விடுதி வாழ்வைப் பற்றியும் எழுதத் தக்கார் பலர் உளர் என்று கருதி, நாம் வேறொரு பொருளைத் தெரிந்துகொண்டோம். நாடோறும் மலையிறங்கிக் கல்லூரிக்கு வந்து, மாலையில் மீண்டும் மலையேறிச் சென்ற தோட்டத்துப் பிள்ளைகள் நாம். மலையேறிய பின்னர் எமது பொழுது எங்ஙனம் கழிந்தது என்பது நகரத்து நண்பர்கள் பலருக்கு இன்றளவும் தெரியாது. அது உதைபந்தாட்டத்திற் கழிந்தது. அவ்வாட்டத்திற்கென எமக்கு ஒரு கழகம் இருந்தது. எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் அதன் பெயர் இல்லை. எந்தக் கேடயத்திற்கும் அது ஆடியதில்லை. ஆதலால் அதன் வரலாற்றை எழுதுவார் எம்மையன்றிப் பிறரிலர்.

இரத்தோட்டைப் பாதைக்கு மேலே, கீழ்ச்சரிவில் றப்பரும் கொக்கோவும் மேற்சரிவில் தேயிலையுமாக நின்ற தோட்டம் எமது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிற் பல இவ்வாறு கலப்புப் பயிர் உள்ளவை. இக்கலப்பே எமது கழகம் பிறந்ததற்குக் காரணம் என்றால் வாசகர் வியக்கக்கூடும். தேயிலை மலையில் வேலை செய்வோர் மாலையிற் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, களைத்து லயத்திற்குத் திரும்பும்போது வெளிச்சம் போய்விடும். றப்பர் பால் வெட்டுவோரோ விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி, பால் சேர்த்து ஸ்டோரிற் கொடுத்துவிட்டால் பிற்பகல் அவர்களுக்கு உரியது. எமது ஆட்டக்காரரிற் பெரும்பாலோர் பால் வெட்டுவோர். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஆயினும் பந்து ஆட மழை தடையன்று. அதனால் அடுப்பெரியாத நாள்களே எமக்கு மிகுதியாக ஆடக் கிடைத்த நாள்கள். அன்னைமார் இதனைக் கண்டு மனம் நொந்தனர் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும்.

கழகத்திற்கெனத் தனிப்பெயர் இருந்ததில்லை. ‘மேற்கணக்குச் செட்டு’ என்று அயற்றோட்டத்தார் அழைத்தனர். நாமும் அங்ஙனமே அழைத்துக்கொண்டோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில், எமக்கு முந்திய தலைமுறையினர் தலைக்கு இருபத்தைந்து சதம் வீதம் சேர்த்து, மாத்தளைத் திருக்கோணமலை வீதிக் கடையொன்றில் தோற்பந்து ஒன்று வாங்கினர் என்பது நாம் கேட்டறிந்த செய்தி. அதற்கு முன்னர் சிறுவர் ஆடியது றப்பர் உருண்டையில். மரப்பட்டையின் வெட்டில் உறைந்து காய்ந்து கிடக்கும் பாலை நாடாவாக உரித்து, உருண்டையாகச் சுற்றினால் பந்து ஆகிவிடும். அது துள்ளும் திசையை முன்னறிவார் இலர். அப்பந்திற் பழகிய கால்களுக்குத் தோற்பந்து மிக அடக்கமான பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. தோற்பந்தின் உள்ளே இருந்த பிளாடர் ஓட்டையானால் அதையும் ஸ்டோரிலிருந்து ஒரு சிரட்டையில் கொண்டுவந்த பாலை வைத்தே ஒட்டினோம். துரைக்குச் சொந்தமான பாலில் எத்தனை சிரட்டை இவ்வாறு எமது பந்தினுட் சென்றதோ, கணக்கப்பிள்ளை ஐயா ஒருவரே அறிவார். அவர் கணக்கில் எழுதவில்லை.

ஆடுகளம் பிரட்டுக்களம். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு எமது பெற்றோர் வரிசையாக நின்று, பேர் கொடுத்து, அன்றைய வேலை எந்த மலையில் என்று கேட்டறிந்த அதே நிலம். அதன் ஒரு புறம் ஏறக்குறைய ஒரு முழம் சரிந்திருந்தது. நாணயம் சுண்டி வென்ற அணி முதற்பாதியில் மேல்நோக்கி ஆடுவதையே தெரிந்துகொள்ளும்; களைத்த பிற்பாதிக்குச் சரிவு துணை செய்யும் என்பது கணக்கு. கம்பங்கள் மூங்கில். பந்து எல்லை கடந்து பள்ளத்துள் உருண்டால், கொக்கோ மரங்களிடையே தேடி எடுத்துவரச் சிறுவர் நால்வர் எப்போதும் நிறுத்தப்பட்டிருந்தனர். அட்டைக்கடி அவர்களுக்குரிய ஊதியம்.

காலணி எவருக்கும் இருந்ததில்லை. இதனை இழிவாக நாம் கருதவில்லை. 1911ஆம் ஆண்டு யூலை 29ஆந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், ஒருவர் தவிர்ந்த ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்சயர்ப் படைப்பிரிவினரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயம் பெற்ற வரலாற்றைக் கல்லூரியில் எமக்குச் சொன்ன ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்தாடி இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றதையும் அவரே சொன்னார். அக்கதைகளை நாம் மலைக்குக் கொண்டுசென்றபோது அவை வேறு உருக் கொண்டன. பால் வெட்டும் பெரியவர் ஒருவர், மோகன் பகான் என்பது கீழ்நாட்டுத் தோட்டமொன்றின் பெயர் என்றே இறுதிவரை நம்பியிருந்தார்.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. கோதுமை மாச்சாக்கைப் பிரித்துத் தைத்த காற்சட்டை; எத்துணை முறை தோய்த்தாலும் மா ஆலையின் எழுத்துகள் மறைவதில்லை. கோல் காத்த அண்ணனின் பின்புறத்தில் ஐம்பது இறாத்தல் என்ற எடை தெளிவாகப் பொறித்திருந்தது. அவர் உண்மையில் அதனினும் மூன்று மடங்கு எடை உள்ளவர். எதிரணியினர் இதனைக் கண்டு சிரிப்பர். சிரித்தவர் உதைத்த பந்தை அவர் சிரமமின்றிப் பிடித்துவிடுவார்.

சாதியைப் பற்றிச் சொல்லாது இவ்வரலாற்றை எழுதினால் அது பொய்யாகும். லயங்கள் அக்காலத்திற் சாதி வாரியாகவே இருந்தன. பீலித் தண்ணீர் பிடிப்பதிலும் முறை உண்டு. ஆனால் பதினொருவர் வேண்டும் என்ற நெருக்கடியில் அணி மட்டும் கலந்தது. ஏனெனில் ஒரு லயத்தில் இடக்காலால் ஆடத் தெரிந்தவன் இருந்தான், மறு லயத்தில் கோல் காக்கத் தக்கவர் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் ஒரே வாளியில் தண்ணீர் வைத்து, ஒரே பேணியால் எல்லோரும் குடித்தனர். இதனைக் கண்ட பெரியவர் சிலர் வாளியைக் கவிழ்த்தார்கள்; தம் பிள்ளைகளை ஆட்டத்திற்கு விடுவதில்லை என்றும் சொன்னார்கள். ஒரு மாதம் வரை ஆட்டம் நின்றது. அயற்றோட்டத்தார் வந்து ‘மேற்கணக்கில் ஆள் இல்லையோ?’ என்று கேட்டுச் சென்ற பின்னரே வாளி மீண்டும் நிமிர்ந்தது. சீர்திருத்த நோக்கால் அன்று, தோல்விக்கு அஞ்சியே அது நிமிர்ந்தது என்பது எமது கருத்து. எக்காரணத்தால் நிமிர்ந்தாலும் நிமிர்ந்தது நன்றே.

கழகத்தின் சொத்தென்று சொல்லத்தக்கது ஒரே ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் ஆட்டக்காரர் பெயர், லயத்தின் இலக்கம், சந்தா, ஆடிய ஆட்டங்களின் முடிவு ஆகியவை எழுதப்பட்டன. எழுத்தறிவு குறைந்த காலத்தில் ஆரம்பித்த கொப்பியாதலின் முதல் ஏடுகளிற் பெயர்களுக்குப் பதிலாகச் சில இடங்களிற் பட்டப்பெயர்களே உள. நாம் கல்லூரியில் மேல்வகுப்பிற்கு வந்தபோது அக்கொப்பி எமது கைக்கு வந்தது. எழுதத் தெரிந்தவர் என்ற தகுதி ஒன்றே காரணம்.

இலங்கையில் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது. 1952இல் உலக அமைப்பிற் சேர்ந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கழகங்கள் பதிந்து, கேடயங்களுக்கு ஆடி, பத்திரிகைகளிற் பெயர் பெற்றன. நாமும் பதிந்து ஆடவேண்டும் என்ற ஆசை அறுபதுகளின் நடுவில் எழுந்தது. சந்தாப் பணம் சேர்த்து, விதிகள் எழுதி, தலைவர் செயலாளர் பொருளாளர் எனப் பதவிகளும் வகுத்துக்கொண்டு, இருவர் நகரத்திற்குச் சென்றனர். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர் தாள்களைப் பார்த்துவிட்டு, பதவியாளர் மூவரின் பிரசாவுரிமைச் சான்றுகளையும் கொண்டுவருமாறு சொன்னார். அச்சான்று மூவரிடமும் இல்லை. மூவரும் இம்மண்ணிற் பிறந்தவர். அவர்தம் தந்தையரும் இங்கே பிறந்தவர். ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்த பின்னர், தோட்டத்தில் வாழ்ந்த எம்மவரிற் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவராகாது நின்றனர். 1949இன் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் பலருக்கும் மறுப்பே வந்தது. தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருவரும் முத்துமாரியம்மன் கோவில் வாசலில் சிறிது நேரம் இருந்துவிட்டு நடந்தே மலைக்குத் திரும்பினர்.

அதற்குள் வேறொரு கணக்கு வந்து சேர்ந்துவிட்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையில், நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இவ்விலக்கங்களைக் கல்லூரியில் வரலாற்றுப் பாடமாகப் படித்த மாணவர் இன்று உளர். எமக்கு அவை பதினொருவர் கொண்ட அணியில் எவர் எவர் என்ற கேள்வியாகவே வந்தன.

விண்ணப்பத் தாள்கள் லயம் லயமாக வந்தன. எந்த நாட்டுக்கு எழுதுவது என்று இரவு முழுதும் குடும்பங்களிற் பேச்சு. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாக எழுதிய வீடுகள் உண்டு. எமது அணியின் நடுவில் ஆடிய சகோதரர் இருவர் அங்ஙனமே பிரிந்தனர். மூத்தவருக்கு அவர் மனைவி வீட்டார் இந்தியாவுக்கு எழுதியதால் அவரும் எழுதினார். இளையவர் தாயோடு நின்றார். அவர்களுக்குள் பந்து செல்வதற்கு ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவும் வேண்டியிருந்ததில்லை. அங்ஙனம் ஆடியவர்களை நாம் அதன்பின் கண்டிலோம்.

கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்திலிருந்து கடவுச்சீட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டனர். மாத்தளைப் புகைவண்டி நிலையம் பாதையின் கடைசி நிலையம். 1880இல் கோப்பித் தோட்டங்களுக்காக அமைந்த பாதை அது. அங்கு ஏறிக் கண்டி வழியாகப் பொல்காவலையில் மாறித் தலைமன்னார் செல்வர். அங்கிருந்து கப்பல். அவ்வண்டியை எம்மவர் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். அப்பெயர் ஏன் வந்ததென்று நிலையத்தில் ஒருமுறை நின்றவர் கேட்கமாட்டார். புறப்படும் ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு ஓர் ஆட்டம் நடத்துவது வழக்கமாயிற்று. செல்பவர் எப்பக்கம் ஆட விரும்புகிறாரோ அப்பக்கம் ஆடுவார். அவர் உதைக்கும் பந்தை அன்று ஒருநாள் கோல் அண்ணன் பிடிக்கமாட்டார். கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே ‘கப்பல்’ என்று எழுதினோம். ஒரே பக்கத்தில் அச்சொல் ஒன்பது முறை இருக்கிறது.

1973, 1974 ஆண்டுகளின் பஞ்சத்தைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் மறத்தல் இயலாது. மாவும் அரிசியும் அருகின. அண்டா குண்டாக்கள் நகரத்துக் கடைகளுக்கு இறங்கின. அவ்விரு ஆண்டுகளில் கொப்பியில் ஓர் ஆட்டமும் பதியப்படவில்லை. ஓடுவதற்குரிய வலு எவரிடமும் இருந்ததில்லை. அதுவரை இந்தியாவுக்குச் செல்வதில்லை என்று உறுதியாய் இருந்த சிலரும் அவ்வாண்டுகளிற்றான் மனம் மாறினர்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. துரை போனார், வேறு துரை வந்தார், பிரட்டு மாறவில்லை. எஞ்சிய ஆட்டக்காரரும் புதிய பிள்ளைகளும் சேர்ந்து அணியை மீண்டும் நிறுத்தினர். மலையடியிலிருந்த சிங்களக் கிராமத்து இளைஞருடன் சித்திரைப் புத்தாண்டு தோறும் ஆட்டம் நடந்தது. இருவர்க்கும் அது பொதுத் திருநாள் அல்லவா? தோற்றவர் வென்றவர்க்குப் பலகாரம் கொடுப்பது நிபந்தனை; வென்றாலும் தோற்றாலும் கொக்கிசும் முறுக்கும் ஒரே பாயில் இருந்தன.

1983 யூலையில் மாத்தளை நகரம் எரிந்தது. முத்துமாரியம்மனின் தேர்களுக்கும் தீ வைத்தனர். மலையிலும் லயங்கள் எரிந்தன. அக்கிராமத்து அணியில் வலப்பக்கம் ஆடியவர் எம்மவர் இரு குடும்பங்களைத் தம் வீட்டு நெற்களஞ்சியத்தில் மூன்று இரவுகள் ஒளித்துவைத்துக் காத்தார். அதே அணியில் ஆடிய வேறொருவரைத் தீப்பந்தத்துடன் கண்டவரும் எம்மவரே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வோர் இக்காலத்தில் மலிந்துவிட்டனர். நாம் இரண்டையும் கண்டவராதலின் இரண்டையும் எழுதுகிறோம். அதன் பின்னர்ச் சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். கொப்பியில் அவர்களுக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை, எழுதுவார் இருந்திலர். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நூலொன்றில், இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிப் படித்தோம். 1857 ஒக்டோபர் 24இல் தோன்றிய அதுவே இன்றும் ஆடிவரும் கழகங்களில் உலகில் மிகப் பழையது. ஆயினும் பெரிய லீக்கில் அதற்கு இடமில்லை. கீழ்ப்படியில், சிறு மைதானத்தில், சில நூறு பேர் பார்க்க ஆடுகிறது. 1860இல் தோன்றிய அயலூர் ஹலம் கழகத்துடன் அது ஆடிய ஆட்டம் அவ்விரு கழகத்தாருக்கும் இன்றும் பெருநாள். அக்கழகத்தின் கையெழுத்து விதிக்கோவை முதலிய ஏடுகள் 2011இல் இலண்டனில் ஏலத்தில் 8,81,250 பவுணுக்கு விற்பனையாயின. இதனைப் படித்ததும் எமக்குச் சீ.ஆர். கொப்பியின் நினைவு வந்தது. அக்கொப்பியைத் தேடிச் சென்றோம். கோல் அண்ணனின் மகள் வீட்டில், இறப்பு விவாகச் சான்றுகள் வைக்கும் தகரப் பெட்டிக்குள் அது இருந்தது. பெட்டி தகரமாயினும் முதல் ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டது.

கப்பலேறியவரிற் சிலரின் செய்தி எமக்குக் கிட்டுகிறது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டரசு 1968இல் நீலகிரியில் ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்களிற் பலர் அமர்ந்தனர். நடுவில் ஆடிய மூத்த சகோதரர் கூடலூர்ப் பக்கம் அத்தகைய தோட்டமொன்றில் வேலை பார்த்து ஓய்ந்தார். அங்கே அவரையும் அவர் கூட்டத்தாரையும் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனராம். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்! இளையவர் இங்கே 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே பிரசாவுரிமைச் சான்று பெற்றார். அப்போது அவர் ஆட்டத்தை விட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. இருவரும் இப்போது கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கின்றனர். பேச்சு பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றியது.

மேற்கணக்கில் இன்றும் பிள்ளைகள் ஆடுகின்றனர். றப்பர் மரங்களிற் பல வெட்டுண்டன; இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விடுகின்றனர்; பதினொருவரைச் சேர்ப்பதற்கு விடுமுறை நாள்வரை காத்திருத்தல் வேண்டியுள்ளது. ஆயினும் அவர்களுக்குக் காலணி உண்டு. அடையாள அட்டையும் உண்டு. எமது கல்லூரியிற் பயின்று ஆசிரியரான இளைஞர் ஒருவர் முன்னின்று, கழகத்தை முறைப்படி பதிவு செய்யத் தாள்களை ஆயத்தம் செய்துள்ளார். அவற்றில் கழகம் தோன்றிய ஆண்டு என்று ஓர் இடம் உண்டு. பிள்ளைகள் நடப்பாண்டையே எழுதலாம் என்றனர். இளைய சகோதரர் அதற்கு ஒப்பவில்லை. திருக்கோணமலை வீதியில் முதற் பந்து வாங்கிய ஆண்டே சரி என்றார். அது எந்த ஆண்டு என்று கேட்டனர். கறையான் தின்ற ஏட்டில் அது இருந்தது. கூடலூருக்கு அழைத்துக் கேட்டால் அண்ணனுக்கு நினைவிருக்கும் என்று சொல்லி, அவர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளிச்சமுள்ள திண்ணைப் பக்கம் சென்றார்.